நெருக்கடியில் நிறுவனத்தின் சொல்: சார்ஸ் காலம் விட்டுச்சென்ற பாடம்

நோயோ தீயோ வெள்ளமோ சூழும்போது மக்கள் முதலில் தேடுவது செய்தியைத்தான். அதைத் தரவேண்டிய நிறுவனம் வாய்திறக்கத் தயங்கினால், அவ்விடத்தை வதந்தி நிரப்பிவிடும். ஆகவே, நெருக்கடிக் காலத்தில் ஓர் அமைச்சோ மருத்துவமனையோ பள்ளியோ மக்களிடம் எவ்வாறு பேசியது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரைத் தாக்கிய சார்ஸ் நோயின் காலத்தை இந்தக் கோணத்தில் காண்போம்.

அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில், ஹாங்காங் சென்று திரும்பிய பயணிகள் வழியாக அந்நோய் இங்கு வந்தது. அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை. மார்ச் 12ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு மூன்று நாள் கழித்தே ‘சார்ஸ்’ என்னும் பெயர் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மார்ச் 22ஆம் தேதி டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. நோய்க்கிருமி எது, அது எவ்வாறு பரவுகிறது, மருந்து உண்டா என்னும் வினாக்களுக்கு உறுதியான விடை இல்லாத நாள்கள் அவை. முழுதும் அறியாத ஒன்றைப் பற்றி மக்களிடம் எப்படிப் பேசுவது?

இதற்குப் பள்ளி மூடல் அறிவிப்பு நல்லதொரு விடை தருகிறது. மார்ச் 27 முதல் பள்ளிகளை மூடும் முடிவைக் கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் அறிவித்தன. மருத்துவ நோக்கில் மட்டும் பார்த்தால் எல்லாப் பள்ளிகளையும் மூடுவதற்கு வலுவான காரணம் இல்லை என்பதையும், பெற்றோரின் கவலையைக் கருதியே இம்முடிவு எடுக்கப்பட்டது என்பதையும் அவை மறைக்கவில்லை. முடிவை மட்டும் அறிவித்திருந்தால், நிலைமை சொல்லப்படுவதைவிட மோசமாக இருக்கிறதோ என்னும் ஐயம் எழுந்திருக்கும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னதால் அச்சத்திற்கு மதிப்பளிக்கப்பட்டது, உண்மையும் காக்கப்பட்டது.

அடுத்தது, மக்கள் கையில் ஒரு செயலைக் கொடுத்தது. ஏப்ரலில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபின், மாணவர்களுக்கு வெப்பமானிகள் வழங்கப்பட்டன. உடல் வெப்பநிலையை நாள்தோறும் அளந்து பார்ப்பது வழக்கமாயிற்று. “அஞ்சாதீர்கள்” என்னும் வெறும் சொல் அச்சத்தைப் போக்குவதில்லை. “காலையில் வெப்பநிலையை அளந்து பாருங்கள், காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே இருங்கள்” என்னும் தெளிவான அறிவுரை, அஞ்சி நிற்பவரையும் பொறுப்புள்ளவராக ஆக்குகிறது.

மூன்றாவது பாடம் வலி மிகுந்தது. சிங்கப்பூரில் நோயுற்ற 238 பேரில் ஏறத்தாழ ஐவருக்கு இருவர் சுகாதார ஊழியர்கள். உயிரிழந்த 33 பேரிலும் மருத்துவர், தாதியர் இருந்தனர். ஆயினும், சீருடை அணிந்த தாதியரைக் கண்டு பொதுப் போக்குவரத்தில் விலகி நின்றோரும் இருந்தனர். ஏப்ரலில் பிரதமர் கோ சோக் தோங் மக்களுக்குத் திறந்த மடல் எழுதினார். சுகாதார ஊழியர்களுக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் உதவ ‘கரேஜ் ஃபண்ட்’ என்னும் நிதி தொடங்கப்பட்டது. யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதை உரக்கச் சொல்வதும் நெருக்கடிக் காலத் தகவல் பணியே என்பதை அந்நாள்கள் உணர்த்தின. மே 31ஆம் தேதி, நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து சிங்கப்பூர் நீக்கப்பட்டது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2020இல் கொவிட்-19 வந்தபோது இப்பாடங்கள் மீண்டும் சோதிக்கப்பட்டன. பிப்ரவரி 7ஆம் தேதி விழிப்புநிலை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்த்தப்பட்டதும், மக்கள் அரிசிக்கும் நூடல்ஸுக்கும் கடைகளில் முண்டியடித்தனர். நிறம் எச்சரித்தது, வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பதை அந்நிறத்தால் சொல்ல இயலவில்லை. மறுநாள் பிரதமர் லீ சியன் லூங் காணொளியில் தோன்றி, பொருள்கள் போதிய அளவு கையிருப்பில் உள்ளன என்பதையும் அடுத்து என்ன நிகழக்கூடும் என்பதையும் விளக்கினார். ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் நோய் பரவியபோது, மொழி உயிர்காக்கும் கருவியாயிற்று. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்விடுதிகளில் தமிழகத்திலிருந்து வந்தோரும் வங்காளதேசத்தவரும் மிகப் பலர். அவர்களுக்குத் தமிழும் வங்காளமும் பண்பாட்டுச் சின்னங்கள் மட்டுமல்ல. மருத்துவரிடம் நெஞ்சுவலியைச் சொல்லும் வழி.

இங்கே தமிழறிந்த நமக்கு ஒரு கடமை இருக்கிறது. ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நோயுற்றவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோயாளியுடன் பழகிய, ஆனால் நோயின் அறிகுறி இல்லாதவரை விலக்கி வைப்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இவற்றிற்கு இரு வேறு சொற்கள் உண்டு. நாமோ பெரும்பாலும் இரண்டையும் ‘தனிமைப்படுத்தல்’ என்றே சொல்கிறோம். இதனால், முன்னெச்சரிக்கையாக வீட்டில் இருப்பவரும் நோயாளியாகவே எண்ணப்படலாம். அக்கம்பக்கத்தார் அவரை வெறுக்கவும் இது வழிவகுக்கும். நெருக்கடியில் சொல்லின் தெளிவின்மை மனிதரையே காயப்படுத்தும்.

நான்கு அதிகாரத்துவ மொழிகளைக் கொண்ட நாட்டில், தமிழ் அறிவிப்பு ஆங்கில அறிவிப்பின் தாமதமான நிழலாக இருத்தல் ஆகாது. அறிவிப்பு எழுதப்படும் மேசையிலேயே தமிழறிந்தவரும் அமர்ந்திருக்கவேண்டும். எழுதியதை முதியவர் ஒருவரிடமும் விடுதியில் வாழும் ஊழியர் ஒருவரிடமும் படித்துக்காட்டி, அவர்களுக்கு விளங்குகிறதா என்று கேட்கவேண்டும். நோய்ச் சொற்களையும் மீட்புப்பணிச் சொற்களையும் அமைதியான காலத்திலேயே ஆராய்ந்து, ஒருமித்த வழக்கிற்குக் கொண்டுவரவேண்டும். தீப்பற்றியபின் கிணறு வெட்டுவதில் பயனில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சொற்களுக்கும் அது பொருந்தும்.