தொடுமொழி வழிப் பிரெயில் கல்வி

பார்வையும் கேட்கும் திறனும் ஒருசேர இல்லாத பெரியவர்களுக்குத் தொட்டுப் பேசியே பிரெயில் கற்பிக்கும் முறை. இவர்களில் பலர் பிறவியிலேயே காது கேளாமல் சைகைமொழியோடு வளர்ந்து, அஷர் நோய்க்குறியால் பார்வையை மெல்ல இழந்தவர்கள். படிக்கும் விரலே இவர்களுக்குக் காதும் ஆகும். ஆசிரியர் விளக்க வந்தால் மாணவர் புள்ளியிலிருந்து கையை எடுத்தாக வேண்டும். இந்த இடரைத் தீர்க்கும் முயற்சியே இக்கல்வியின் வரலாறு.

தோற்றம்: லூயி பிரெயில் 1824-இல், 15 வயதில், ஆறு புள்ளி முறையை வகுத்தார். 1887-இல் ஆன் சல்லிவன் ஹெலன் கெல்லரின் உள்ளங்கையில் விரலெழுத்தால் சொற்களைப் பதித்தார். 1981-இல் ஜப்பானின் சதோஷி ஃபுகுஷிமாவும் அவர் தாயாரும் ஆறு விரல்களையே ஆறு புள்ளிகளாக்கி விரல்பிரெயிலை உருவாக்கினர். 2007-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாதோரே முன்னின்று புரோடாக்டைல் என்ற தொடுமொழியை வளர்த்தனர்.

இந்தியாவில்: பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார், அந்தப் பத்தாண்டிலேயே அவ்வூரில் காது கேளாதோர் பள்ளியும் எழுந்தது. முன்னதில் பாடம் காது வழி, பின்னதில் கண் வழி. இரண்டும் இல்லாதவருக்கு 1977-இல் மும்பையில் பெரோஸ் வாச்சா ஹெலன் கெல்லர் நிறுவனத்தை நிறுவினார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரு திறனும் இல்லாத நிலையைப் பல்வகைக் குறைபாட்டின் கீழ்ப் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

கற்பிக்கும் விதம்: இருவரும் முழங்கால் உரச அமர்கிறார்கள். மாணவரின் சுட்டுவிரல் தாளில் இருக்க, ஆசிரியர் அவர் தொடையிலோ மேல்கையிலோ எழுத்தின் புள்ளிகளைத் தட்டிக் காட்டுகிறார். மாணவரின் மறுகை ஆசிரியரின் முழங்காலில் இருக்கும். அது தட்டினால் புரிந்தது என்று பொருள், நின்றுவிட்டால் ஐயம். விரல் வரியை விட்டு நகராமலே பாடம் நடக்கிறது.

தமிழ்நாடு–கேரள எல்லையூர்களில்: மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டுக்கு (அன்றைய சென்னை மாநிலத்துக்கு) வந்தது, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இவ்வூர்களுக்கு 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் நன்கு பொருந்துகிறது. இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்கு அதில் பொதுவாக ஒரே புள்ளிகள்தாம். இரு மொழிக்கும் உரிய ‘வழி’ என்ற சொல் அச்சில் வெவ்வேறு வடிவம்; பிரெயிலில் வ (புள்ளிகள் 1-2-3-6), ழ (1-2-3-5-6), இ (2-4) என ஒரே மூன்று கட்டங்கள். மலையாளம் மட்டும் படித்தவரின் விரலும் அதை அப்படியே வாசிக்கும்.