ஊசலாடும் கை

தோள்மூட்டிற் சத்திரசிகிச்சை செய்யப்பெற்றவருக்கு இயன்மருத்துவர் முதலிற் கற்பிக்கும் பயிற்சி பெரும்பாலும் மிக எளியது. நலமுள்ள கையை மேசைமீது ஊன்றி முன்னே குனிய வேண்டும்; நோயுற்ற கையைக் கிணற்றுக் கயிற்றில் தொங்கும் வாளிபோலத் தளரவிட்டு மெல்ல ஊசலாட்ட வேண்டும். இதனைக் கொட்மன் பயிற்சி என்பர்.

ஏர்ணெஸ்ற் அமரி கொட்மன் 1869ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பிறந்தவர். தோளில் அறுந்த தசைநாணைத் தைத்துப் பொருத்திய தமது அனுபவத்தை 1911இல் எழுதி வெளியிட்டார். தைப்பதினும் பெரிய சங்கடம் தைத்தபின் இருந்தது. நாண் பொருந்துவதற்கு ஓய்வு வேண்டும்; ஓய்வு நீண்டாலோ மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்கி இறுகிவிடும். அசைத்தால் தையல் அறும்; அசையாவிடிற் கை உயராது. என்பு முறிவைப் பற்றியும் இத்தகைய வழக்கு முன்னரே இருந்தது. லிவர்ப்பூல் நகரத்து ஹியூ ஓவன் தோமஸ் நீண்ட ஓய்வை வற்புறுத்தினார். பாரிஸ் நகரத்து லூக்கா ஷம்பியோனியேர் அசைவின் பக்கம் நின்றார்.

கொட்மன் கண்ட வழி யாது? நிமிர்ந்து நிற்பவர் கையைத் தோளளவுக்கு முன்னே உயர்த்தினால் தசைகள் அதன் பாரத்தைச் சுமந்தாக வேண்டும். அவரே இடுப்பை வளைத்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டால், உடலுக்கும் கைக்கும் இடையே அதே செங்கோணம் அமைகின்றது. ஆனால் இங்கே கை உயரவில்லை, உடலே தாழ்ந்தது. தைத்த நாணுக்குச் சுமையில்லை. மூட்டுக்கோ அசைவு கிட்டிவிடுகின்றது. (பெரிய வட்டமாக வீசிச் சுழற்றினால் தசையும் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதைப் பிற்கால அளவீடுகள் காட்டின. ஆகவே அடக்கமாகவே ஆட்டுதல் வேண்டும்.)

இப்பயிற்சியின் பின்னே அம்மனிதரின் பிடிவாதமான கொள்கையொன்றும் இருந்தது. நோயாளி வைத்தியசாலையை விட்டு நடந்து சென்றமை வெற்றியன்று. ஓராண்டு கழித்து அவரை அழைத்துப் பார்த்துப் பெறுபேற்றைப் பதிய வேண்டும் என்றார். நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் வாழ்ந்த எனக்கு இது மிக நியாயமாகவே படுகின்றது. வகுப்பில் மாணவன் தலையாட்டுவது பாடம் விளங்கியதற்குச் சான்றாகாது. ஆயினும் பெரிய வைத்தியசாலைகள் இதனை ஏற்கவில்லை. கொட்மன் 1911இல் தாமே சிறியதொரு வைத்தியசாலையைத் தொடங்கினார். 1916 வரையில் அங்கிருந்து சென்ற 337 நோயாளரின் சிகிச்சையில் 123 தவறுகளைக் கண்டு, அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். 1915இல் வைத்தியர் கூட்டமொன்றில், மணலில் தலை புதைத்துப் பொன்முட்டையிடும் தீக்கோழியின் கேலிச்சித்திரத்தைத் திரை நீக்கிக் காட்டினார். நகரத்துச் செல்வர்களும் வைத்தியப் பேராசிரியர்களும் வெகுண்டனர். அவருடைய செல்வாக்கும் வருவாயும் சரிந்தன.

தோளைப் பற்றிய பெருநூலை 1934இல் தம் சொந்த முயற்சியில் வெளியிட்ட அவர் 1940இற் காலமானார். அவருடைய புதைகுழியிற் பெயர் பொறித்த கல் 2014இலேயே நாட்டப்பட்டது.

பழைய வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. தைத்த தோளைச் சில நாட்களிலேயே பிறர் உதவியால் அசைக்கத் தொடங்குவோரும் உளர். ஆறு வாரம்வரை தூக்குப்பட்டியில் வைத்திருப்போரும் உளர். ஓராண்டு முடிவில் அளந்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், இருசாராரின் கைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே உயர்ந்திருக்கின்றன.