‘ரொம்ப’ என்னும் எச்சம்: பூதிகோட்டையின் மும்மொழிச் சான்று

ஆங்கில இலக்கணம் பயிற்றும் வகுப்புகளில் அளவையும் விளைவையும் உரைக்கும் எச்சங்கள் ஒரு தனிப்பாடமாக வருகின்றன. ‘பாய்லிங் ஹாட்’ என்பதில் வினையின் எச்சவடிவம் வெம்மையின் அளவைக் காட்டுகிறது. ஏரி உடைந்த செய்தியைச் சொல்லிவிட்டு, ‘ஃப்ளடிங் த வில்லேஜ்’ என்று தொடரும்போது அதே எச்சவடிவம் விளைவைக் காட்டுகிறது. இவை தமிழ் மாணவருக்கு இயல்பிலேயே அரியவை என்றும், தாய்மொழியில் இவற்றுக்கு இணையில்லை என்றும் சொல்லும் வழக்கம் ஆசிரியரிடையே உண்டு. இக்கருத்து பிழையானது என்பதே இப்பதிவின் வாதம். அதற்குரிய சான்றுகளைக் கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டையின் பேச்சுமொழிகளிலிருந்தே எடுக்கலாம்.

பூதிகோட்டையை வரலாற்று மாணவர்கள் ஐதர் அலியின் பிறப்பிடமாக அறிவர். அவர் தந்தை பத்தே முகமது அங்கே படைத்தலைவராக இருந்த காலத்தில், 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐதர் பிறந்தார். எழுத்தறியாதவர்; ஆயினும் இந்துஸ்தானி, கன்னடம், மராத்தி, தெலுங்கு, தமிழ் ஆகிய ஐந்து மொழிகளைச் சரளமாகப் பேசினார் என்பது வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடும் செய்தி. கன்னட, தெலுங்கு, தமிழ் நிலங்கள் சந்திக்கும் அவ்வட்டாரத்தில் பன்மொழிப் புழக்கம் வாழ்வின் இயல்பு. பள்ளிப்படிப்பின் பயன் அன்று. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கச் சுரங்கப் பணியில் இறங்கிய பின், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களால் அப்புழக்கம் மேலும் செறிவுற்றது.

இவ்வட்டாரத்தின் மூன்று திராவிட மொழிகளிலும் மிகுதியைக் குறிக்கும் அன்றாடச் சொல் எது என்று நோக்குவோம். தமிழர் ‘ரொம்ப’ என்பர். கன்னடர் ‘தும்ப’ என்பர். தெலுங்கர் ‘சாலா’ என்பர். ஒலியளவில் இவற்றிடையே உறவில்லை. ஆனால் இலக்கண அமைப்பில் இம்மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. ‘ரொம்ப’ என்பது ‘நிரம்ப’ என்பதன் திரிபு. ‘தும்ப’ என்பது நிரம்புதலைக் குறிக்கும் ‘தும்பு’ என்னும் கன்னட வினையின் எச்சம். ‘சாலா’ என்பது போதுமாதலைக் குறிக்கும் ‘சாலு’ என்னும் தெலுங்கு வினையின் வழி வந்தது. தமிழில் நிறைதலையும் மிகுதலையும் குறிக்கும் ‘சால்’ என்பதும் அதே வேரினது. நன்னூலார் மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களுள் ஒன்றாக எண்ணிய ‘சால’ இதனின்றும் வேறன்று. செந்தமிழின் ‘மிக’ என்பதோ ‘மிகு’ என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம். ‘நிறைய’ என்பதும் அத்தகையதே. ஆக, திராவிட மொழிகள் அளவுச்சொல்லை வேண்டியபோதெல்லாம் வினையெச்சத்தையே நாடியிருக்கின்றன.

இது நிகழ்ந்த முறையை நம் இலக்கண மரபே விளக்குகிறது. தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்த வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செய’ என்பது தனித்தன்மை உடையது. அது காரணம், காரியம், உடனிகழ்ச்சி என்னும் மூன்று பொருளிலும் வரும் என்பது இலக்கண நூலோர் கொள்கை. ‘மழை பெய்யக் கிணறு நிறைந்தது’ என்பதில் எச்சம் காரணத்தைச் சுட்டுகிறது. ‘கிணறு நிறைய மழை பெய்தது’ என்பதில் அதே வாய்பாடு காரியத்தை, அதாவது விளைவைச் சுட்டுகிறது. இந்த இரண்டாம் தொடரைச் சற்று நின்று நோக்க வேண்டும். கிணறு நிறைந்தது மழையின் விளைவு. அதே வேளையில், மழை எவ்வளவு பெய்தது என்னும் வினாவுக்கும் அதுவே விடை. விளைவைச் சொல்வதே அளவைச் சொல்வதாகிவிடுகிறது.

‘வயிறு நிறைய உண்டான்’ என்பதிலும் இவ்விரு பொருளும் உண்டு. எழுவாயான ‘வயிறு’ நீங்கி ‘நிறைய உண்டான்’ என்றானபோது விளைவுப்பொருள் மங்கி அளவுப்பொருள் மட்டும் எஞ்சியது. ‘நிறையப் பேர் வந்தார்கள்’ என்னும்போது நிரம்பும் கலமே இல்லை. எச்சம் முழுமையான அளவுச்சொல்லாகிவிட்டது. இந்தப் படிநிலைகள் மூன்றும் இன்றைய தமிழில் ஒருங்கே வழங்குகின்றன.

ஆங்கிலம் இவ்வழியை அறியாததன்று. மிஞ்சுதலைக் குறிக்கும் ‘எக்ஸீட்’ என்னும் வினையின் எச்சமான ‘எக்ஸீடிங்’, 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் ‘மிக’ என்னும் பொருளில் பயில்கிறது. கடத்தலைக் குறிக்கும் ‘பாஸ்’ என்பதன் எச்சமான ‘பாஸிங்’ என்பதையும் ஷேக்ஸ்பியர் அப்பொருளில் ஆண்டிருக்கிறார். பின்னாளில் இவ்விடத்தை நிலையாகப் பற்றிக்கொண்ட ‘வெரி’ என்பதோ, உண்மை என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. எனினும் பழைய வழி முற்றும் அடைபடவில்லை. ‘ட்ரிப்பிங் வெட்’ என்பதை நாம் ‘சொட்டச் சொட்ட நனைந்தான்’ என்கிறோம். இரு மொழிகளும் ஈரத்தின் அளவை அதன் விளைவாகிய சொட்டுதலைக் கொண்டே அளக்கின்றன.

அவ்வாறாயின், ‘இணையில்லை’ என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியர் தமிழுக்கு இலக்கணம் எழுதிய வரலாற்றில் இதற்கு விடை தேடலாம். சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணமும், வீரமாமுனிவர் எழுதி 1738இல் தரங்கம்பாடியில் அச்சான கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீன் மொழியில் அமைந்தவை. இலத்தீனில் பயின்றோர்க்காக எழுதப்பட்டமையால், தமிழ் எச்சங்கள் இலத்தீன் வகைப்பெயர்களுக்கு அருகில் வைத்து விளக்கப்பட்டன. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், வடமொழியினின்றும் திராவிட மொழிகள் வேறுபடும் கூறுகளுள் ஒன்றாக, இணைப்புச் சுட்டுப்பெயர் இன்மையையும் அதன் பணியைப் பெயரெச்சம் ஆற்றுவதையும் எடுத்துக்காட்டினார். அவர் நோக்கம் மொழிக்குடும்பத்தை நிறுவுவது. ஆனால் ‘இன்னது இல்லை’ என்னும் எதிர்மறைக் கூற்று, பாடநூல்களின் வழி வகுப்பறைக்குள் நுழையும்போது குறைபாடாகவே ஒலிக்கிறது.

இவ்வரலாற்றில் பூதிகோட்டையின் மைந்தர் ஒருமுறை குறுக்கிடுகிறார். 1779இல் சென்னை அரசு ஐதரிடம் தூது அனுப்பத் தேர்ந்தவர் மறைப்பணியாளர் சுவார்ட்ஸ். ஹாலேயிலேயே தமிழ் கற்கத் தொடங்கி, 1750இல் தரங்கம்பாடியில் இறங்கியவர் அவர். ஏட்டின் வழி மொழி கற்றவரும் ஏடறியாமல் மொழிகள் பேசியவரும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சந்தித்தனர். தூது போரைத் தடுக்கவில்லை. 1780இல் ஐதரின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. போர் ஓய்ந்த பின், 1785ஐ ஒட்டி, தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் எழ அதே சுவார்ட்ஸ் துணைநின்றார். தமிழர் ஆங்கிலத்தைப் பள்ளிப்பாடமாகக் கற்ற வரலாற்றில் அவை முன்னோடிகள். தமிழர் ஆங்கிலம் கற்ற முறை, ஐரோப்பியர் தமிழ் கற்ற முறையின் மறுதலையாகவே அமைந்தது: அங்கும் அளவுகோல் ஐரோப்பிய இலக்கணமே.

அளவுகோலை மாற்றினால் பயன் உண்டா என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். எச்சத்தின் எழுவாயும் முற்றுவினையின் எழுவாயும் பொருந்தாத தொடரை ஆங்கில ஆசிரியர் ‘டாங்ளிங் பார்ட்டிசிபிள்’ என்று கண்டிப்பர். மாணவருக்கு இது புதிய விதியாகத் தோன்றுகிறது. ஆனால் ‘செய்து’ முதலியன வினைமுதல் ஒன்றாகவே முடிய வேண்டும் என்றும், ‘செய’ முதலியன பிற வினைமுதலையும் கொள்ளும் என்றும் தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. ‘ஏரி உடைந்து ஊர் மூழ்கியது’ என்பது வரம்பு மீறிய தொடர். அதனைச் ‘செய’ என்பதன் திரிபாகக் கொண்டு அமைதி கூறுவர். ‘ஏரி உடைய ஊர் மூழ்கியது’ என்பதே நேரிய வடிவம். இதை அறிந்த மாணவருக்கு ஆங்கில விதி பழகிய ஒன்றன் மறுவடிவம் ஆகிவிடும்.

வேறுபாடுகளையும் மறைக்கலாகாது. விளைவுரைக்கும் எச்சம் தமிழில் முற்றுக்கு முன் நிற்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின் நிற்கும். மேலும், ‘எல்லோரும் கேட்கும்படி பேசினான்’ என்னும் தொடர் நோக்கத்தையும் குறிக்கலாம், விளைவையும் குறிக்கலாம். ‘சோ தட்’ என்பதையும் ‘சோ லவுட்லி தட்’ என்பதையும் பிரித்து ஆளும் ஆங்கிலம் இங்கே கூடுதல் தெளிவு கோருகிறது. மாணவர் உண்மையில் இடறும் இடம் இதுவே. பயிற்சியும் இங்கேதான் தேவை.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும், பிழைப்புக்கு ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்கு, வேலை தேடி வெளியேறும் வழியில் ஆங்கிலம் ஒரு வாயில். அவ்வாயிலில் நிற்பவரிடம் ‘உன் மொழியில் இது இல்லை’ என்று சொல்வது உண்மைக்கும் மாறு, கற்பித்தலுக்கும் கேடு. ‘ரொம்ப’, ‘தும்ப’, ‘சாலா’ என்னும் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்கலாம். கொச்சை என ஒதுக்கப்படும் ‘ரொம்ப’, இலக்கணம் கற்பிக்கத் தக்க கருவியாகும்.

மலையாளம், துளு ஆகியவற்றில் மிகுதியைக் குறிக்கும் சொற்களின் எச்சத்தன்மை குறித்து ஆய்ந்தோர் இங்கே கருத்துரைத்தால் இவ்வொப்பீடு முழுமை பெறும்.