எதிர் பெஞ்சில் இருந்தவர்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டால் பிராடியை 1966ல் டெல் அவிவில் கொண்டுவந்து இறக்கியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் 1977 பெல்கிரேடு இறுதிப் போட்டி என்று அறிவிப்பும் கொடுத்தாயிற்று. ஆனால் பெல்கிரேடுக்குப் போகும் வழியில், பெல்ஜியத்தில், விர்டன் என்று ஒரு சிற்றூர் குறுக்கிடுகிறது. அங்கே எதிரணி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இடையில் உள்ள பத்து வருடக் கதையை ஓட்டமாக முடித்துவிடுவோம். ஒரே ஒரு வருடம் என்று பேசித்தான் பிராடி வந்தார். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பந்தாட வருகிறவர்களின் காலம் அது. யாத் எலியாஹு அரங்கத்துக்குக் கூரை போட்டதே 1972ல்தான். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தினசரிப் பயிற்சியில் வளர்ந்த பிராடி, இங்கேயும் அதையே கேட்டார். ஆட்டத்தின் வேகமும் மாறியது. ரீபவுண்டைப் பிடித்த கையோடு பந்து அவரிடம் வந்துவிட வேண்டும். அவர் நடுக்கோட்டைத் தாண்டும்போது இரண்டு ஓரங்களிலும் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எதிரணியின் நெட்டையர்கள் திரும்பி வந்து சேர்வதற்குள் பந்து வளையத்தில் விழுந்திருக்கும். ஒரு நல்ல கார்டு ஓர் அணிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் இதுதான்.

வந்த முதல் பருவத்திலேயே, 1967ல், அவருடைய டெல் அவிவ் மக்காபி அணி ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையில் இறுதிவரை போய் இத்தாலியின் வரேஸ் அணியிடம் தோற்றது. வரேஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1968ல் அமெரிக்க ராணுவம் கூப்பிட்டது, பிராடி போனார். அங்கே ராணுவ அணிக்கு ஆடினார். 1970 உலகப் போட்டியில் அமெரிக்கச் சட்டை போட்டும் ஆடினார். அதே வருடம் மறுபடி டெல் அவிவ், இந்த முறை நிரந்தரமாகக் குடியேறவே. 1965ல் தன்னைப் பன்னிரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த பால்டிமோர் புல்லட்ஸ் பக்கம் அவர் போகவே இல்லை. போயிருந்தால் என்பிஏவில் பத்தோடு பதினொன்றாகியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

1977. பிராடிக்கு வயது 33, அணியின் தலைவர். ஹார்வர்டில் படித்த லூ சில்வர், நியூயார்க்கிலிருந்து பிடித்து வந்த ஆல்சி பெர்ரி, யூட்டாவில் கல்லூரி ஆட்டம் ஆடிய ஜிம் போட்ரைட், உள்ளூர்ப் பையன் மிக்கி பெர்கோவிச் என்று கூட்டணி பலமாகத்தான் இருந்தது. பயிற்சியாளர் ரால்ஃப் கிளைன் பெர்லினில் பிறந்தவர், புடாபெஸ்டில் நாஜிகளிடமிருந்து உயிர் தப்பியவர். ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் அரையிறுதிச் சுற்றில் இவர்கள் எதிரே வந்து நின்றது சிஎஸ்கேஏ மாஸ்கோ, சோவியத் ராணுவத்தின் கிளப்.

ஆறு நாள் போரோடு, 1967ல், சோவியத் யூனியன் இஸ்ரேலுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டிருந்தது. சிஎஸ்கேஏ டெல் அவிவுக்கு வராது, மக்காபிக்கு மாஸ்கோ விசாவும் கிடைக்காது. எனவே இருவருக்கும் பொதுவாக ஓர் இடம் தேடினார்கள். பிரான்ஸும் லக்சம்பர்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், பெரும்பாலான பெல்ஜியக்காரர்களே போயிருக்க மாட்டாத விர்டனில் ஒரு சின்ன அரங்கம் அகப்பட்டது. பிப்ரவரி 17, வியாழக்கிழமை.

அந்த சிஎஸ்கேஏ பெஞ்சில் இருந்தவர்தான் அலெக்சாண்டர் கோமெல்ஸ்கி. சோவியத் ராணுவ கிளப்பின் பயிற்சியாளர். யூதர்.

கோமெல்ஸ்கி 1928ல், லெனின்கிராடுக்கு எதிரே கடலில் இருக்கும் கிரோன்ஷ்டாட் கடற்படைத் தீவில் பிறந்தவர். உயரத்தில் குள்ளம். நெட்டையர்களின் விளையாட்டில் ஆடிப் பெயர் வாங்க வழியில்லை என்று தெரிந்ததும் ஆட்டுவிக்கப் போய்விட்டார். இருபத்தைந்து வயதில் ரீகா ராணுவ அணி அவர் கைக்கு வந்தது. அங்கே அவர் கண்டெடுத்த முத்து ஜானிஸ் க்ரூமின்ஷ். ஏழடிக்கு மேல் உயரம், தொழில் மரம் வெட்டுவது. பந்தைக் கையில் வாங்கியதே இருபது வயது தாண்டிய பிறகு. அப்படிப்பட்ட ஆளுக்கு வளையத்தடியில் எங்கே நிற்க வேண்டும், எப்போது கையைத் தூக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். ஐரோப்பிய சாம்பியன் கோப்பை தொடங்கியது 1958ல். அந்த வருடம் ரீகா ஜெயித்தது. 1959லும் ரீகா, 1960லும் ரீகா. முதல் மூன்று கோப்பைகளும் ஒரு மரவெட்டியின் தோளில் ஏறி வந்தவை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், பொய்யில்லை.

பிறகு தேசிய அணி அவர் வசம் வந்தது. 1970 உலகப் போட்டியில் யுகோஸ்லாவியா தங்கம் வாங்க, சோவியத் அணிக்கு வெண்கலம்தான் மிஞ்சியது. தேசிய அணியின் நாற்காலி லெனின்கிராடின் கோந்த்ராஷினுக்குப் போனது. இங்கேதான் ஒரு கதை உலவுகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்கு கோமெல்ஸ்கிதான் போயிருக்க வேண்டும், யூதரான அவர் அப்படியே இஸ்ரேலுக்கு ஓடிவிடுவார் என்று பயந்து கேஜிபி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டது என்பார்கள். தோல்விக்குத் தண்டனையா, பிறப்புக்குத் தண்டனையா? இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலதிகாரிகளுக்கு ஒரு காரணம் கையில் இருந்தால் இன்னொன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் இல்லாமல் நடந்த அந்த மியூனிக் இறுதிப் போட்டி என்ன சாதாரணமானதா! பதினோரு இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களும் பணயக்கைதிச் சம்பவத்தில் கொல்லப்பட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 50–49 ஆக்குகிறார். மிச்சம் மூன்று விநாடி. சோவியத் பந்தை எறிகிறது, நடுவர் நிறுத்துகிறார், கடிகாரத்தில் ஒரு விநாடி. மேடையிலிருந்து இறங்கி வந்த சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் மூன்று விரலைக் காட்டுகிறார், மூன்று விநாடியையும் திருப்பிக் கொடு என்று. மறுபடி எறிகிறார்கள். கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைக்கவில்லையாம், அதுவும் செல்லாது. அமெரிக்கர்கள் அதற்குள் ஜெயித்ததாகக் கட்டிப்பிடித்துக் குதித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை இவான் எதெஷ்கோ ஆடுகளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வீச, அலெக்சாண்டர் பெலோவ் தாவிப் பிடித்து வளையத்தில் வைக்கிறார். 51–50. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தைத் தொட மறுத்துவிட்டார்கள், இன்றுவரை வாங்கவில்லை. ஜோன்ஸுக்கு அந்த விரல்களைக் காட்ட எந்த அதிகாரமும் இல்லை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது போல அமெரிக்கர்கள் மட்டும் இன்னமும் சோவியத் அணியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எதெஷ்கோ கோமெல்ஸ்கியின் சிஎஸ்கேஏ ஆள். அந்த ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்த செர்கேய் பெலோவும் அப்படியே. தான் செதுக்கிய கைகள் தங்கம் வாங்க, செதுக்கியவர் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. இந்த நிலையில் ஐந்து வருடம் கழித்து, இஸ்ரேலிய அணியை அடித்து வீழ்த்து என்று அதே மனிதரை விர்டனுக்கு அனுப்புகிறது அதே அரசு. எதிர்ப்புறம் ஹிட்லரிடம் தப்பிய ரால்ஃப் கிளைன். எந்த பெஞ்சில் நின்று கத்தினாலும் அன்று கத்தியவர் ஒரு யூதர்தான்.

கோமெல்ஸ்கியை வில்லனாக்கினால் பிராடியின் கதை இன்னும் பளிச்சென்று தெரியும். டெல் அவிவ் பத்திரிகைகளுக்கு அன்று அது வசதியாகவும் இருந்தது. எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. பின்னால் 1988ல் சியோலில், தேசிய அணியை மறுபடி கையில் வாங்கிய அவர், டேவிட் ராபின்சன் ஆடிய அமெரிக்க அணியை அரையிறுதியில் 82–76 என்று கவிழ்த்தார். யுகோஸ்லாவியாவை வென்று தங்கமும் வாங்கினார். கல்லூரிப் பையன்களை அனுப்பி இனி ஒலிம்பிக்ஸ் ஜெயிக்க முடியாது என்ற பயம் அமெரிக்காவுக்கு வந்தது அந்தத் தோல்வியில்தான். 1992ல் ஜோர்டனும் மேஜிக் ஜான்சனும் பார்சிலோனாவில் வந்து இறங்கியதற்கு ஒரு பங்கு நன்றி இந்தக் குள்ள மனிதருக்குப் போக வேண்டும். அவருடைய சியோல் வீரர்களில் சபோனிஸ் 1989ல் ஸ்பெயினுக்கும், மார்சியுலியோனிஸ் அமெரிக்காவின் கோல்டன் ஸ்டேட் அணிக்கும் போனார்கள். பிராடி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தபோது தலைகீழாகவும் இது நடக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? இப்போது யூரோலீக்கில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்குத் தரும் விருது கோமெல்ஸ்கியின் பெயரில்தான் இருக்கிறது.

சரி, விர்டன் ஆட்டம். இஸ்ரேலில் அப்போது இருந்தது ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை. நாடு முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. சிஎஸ்கேஏவுக்கு உயரமும் அனுபவமும் இருந்தன, மக்காபிக்கு வேகம். பெர்ரி வளையத்தடியில் மல்லுக்கு நிற்க, பிராடி பந்தைத் தேங்கவிடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். 91–79, மக்காபி. ரசிகர்கள் தோளில் தூக்க, வேர்த்து விறுவிறுத்து நின்ற பிராடி, அமெரிக்க வாடை மாறாத ஹீப்ரூவில் மைக்கில் சொன்னார்: நாம் வரைபடத்தில் இருக்கிறோம், இனியும் இருப்போம், விளையாட்டில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். அமெரிக்காவின் டிரென்டனில் பிறந்தவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை இஸ்ரேலில் இன்றும் புழங்குகிறது. எந்த வரைபடம் என்று கேட்கத் தோன்றும். 1967க்குப் பிறகு தங்கள் விருப்பம் இல்லாமலே இஸ்ரேலிய ஆட்சிக்குள் அடைபட்ட பாலஸ்தீனர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று அன்று மைக்கை நீட்டியவர்கள் யோசிக்கவில்லை. பிராடி அரசியல் பேசியதாக நினைத்திருக்க மாட்டார். ஆட்டம் ஜெயித்த மூச்சிரைப்பில் வந்த பேச்சு அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அதைக் கொடியாக்கிக்கொண்ட அரசியல்வாதிகளைச் சொல்வேன்.

பக்கம் முடிகிறது, பெல்கிரேடு பாக்கி இருக்கிறது. ஏப்ரல் 7, மறுபடியும் ஒரு வியாழக்கிழமை. எதிரே அதே வரேஸ். 1970 முதல் ஒவ்வொரு வருடமும் தவறாமல் இறுதிப் போட்டிக்கு வந்து, ஐந்து முறை கோப்பையைத் தூக்கிய அணி. ஒரே ஒரு புள்ளியில் முடிந்த அந்த ஆட்டத்தைக் கொண்டாட இஸ்ரேல் தெருவுக்கு வந்த அதே இரவில், பிரதமர் இட்ஸாக் ராபின் தன் மனைவியின் டாலர் கணக்கு விவகாரத்தில் பதவி விலகுவதாக அறிவித்தார். எது முதலில், எது பின்னால் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)