மலாக்காச் செட்டிகளின் கோயிலும் குடியிருப்பும்

மலாக்கா நகரின் ஜாலான் துக்காங் எமாஸ் என்பதற்குத் தட்டார் தெரு என்று பொருள். அந்தத் தெருவில் நிற்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது. டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில், செட்டிகளின் தலைவராயிருந்த தெய்வநாயகம் செட்டி அதைக் கட்டினார். மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று இது. பக்கத்திலேயே 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல்; சற்றுத் தள்ளி, 17ஆம் நூற்றாண்டில் வேர்கொண்ட செங் ஹூன் தெங் சீனக் கோயில்.

மலாக்காச் செட்டிகளின் கதை இந்தக் கோயிலைவிட மிகப் பழையது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்து, நறுமணப் பொருள் ஏற்றிச் சென்ற வணிகர்கள், பருவக்காற்றுத் திரும்பும்வரை சுல்தான்களின் மலாக்காவில் தங்கினார்கள். அங்கேயே மலாய், சாவக, சீனப் பெண்களை மணந்து வேரூன்றினார்கள். 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபோது, நீனா சத்து என்ற இந்து வணிகர் பெண்டகாரா என்ற உயர் பதவிவரை உயர்ந்தார். காலப்போக்கில் இவர்களின் வீட்டு மொழி மலாய் ஆயிற்று. பெண்களின் உடை கெபாயாவும் சாரோங்கும் ஆயிற்று. சைவ வழிபாடும் பிள்ளை, படையாட்சி, நாயக்கர், செட்டி என்ற குடிப்பெயர்களும் நிலைத்தன. பின்னாளில் வட்டித் தொழிலுக்காக வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. ஆனாலும் பொய்யாத விநாயகர் கோயிலின் நிர்வாகம் இன்று நகரத்தார் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இந்தக் கட்டடம் சிறியதாகத் தோன்றும். சுற்றிவரப் பெரிய பிராகாரம் இல்லை, தெப்பக்குளம் இல்லை. நெருக்கமான நகரத் தெருவில் கிடைத்த மனைக்குள் மூலவர் விநாயகரும் முருகனும் இடம் பெற்றிருக்கிறார்கள்; அளவான கோபுரம் ஒன்றுதான் கோயில் என்பதைத் தெருவுக்கு அறிவிக்கிறது. மலாக்காவின் பழைய வீடுகளும் இப்படிக் குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்டவை. காற்றும் வெளிச்சமும் நடுமுற்றத்தின் வழியே இறங்கும். கூரையில் சுட்ட ஓடு. சுவரில் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. கோயில் அந்தத் தெருவின் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. அதன் அழகு அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

டச்சுக் காலத்தில் வணிகம் நலிந்தபோது செட்டிகள் பலர் நகரை விட்டுக் காஜா பெராங் பகுதிக்குப் பெயர்ந்து, நெல்லும் காய்கறியும் பயிரிட்டார்கள். அங்கே 1822இல் ஸ்ரீ முத்து மாரியம்மன் கோயில் தோன்றியது. இன்று கம்போங் செட்டி என்று அறியப்படும் குடியிருப்பு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வீடுகள் பெரும்பாலும் ஒரு தள அளவுதான். மலாய் நாட்டு மழைக்கும் வெக்கைக்கும் ஏற்ற கூரை, முன்னால் திண்ணை, நிலைப்படிக்கு மேலே மாவிலைத் தோரணம், உள்ளே முன்னோருக்குப் படையலிட ஓர் இடம். திண்ணை என்ற சொல் தமிழ் பேசாத அந்த வீடுகளில் இன்றும் திண்ணையாகவே வழங்குகிறது. ஒரு மொழி முழுவதும் நழுவிய பிறகும் அதன் கட்டடச் சொல் நிற்பது அரிய செய்தி.

சித்திரை, வைகாசியில் வரும் மாரியம்மன் திருவிழாவைச் செட்டிகள் டத்தோ சாச்சார் என்கிறார்கள். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். அப்போது காஜா பெராங் கோயிலையும் நகரத்து விநாயகர் கோயிலையும் ஊர்வலம் இணைக்கும். இரண்டு இடங்களும் ஒரே சமூகத்தின் இரு பாதிகள் என்பது அந்த நாளில் கண்கூடு.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டைக் கடந்த சின்னங்களைக் காக்க முனைந்தது. மலாக்கா மாநிலம் 1988இல் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தொல்பொருள் சட்டத்தின் இடத்தில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஒன்றாக ஏறின. பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் தெரு அந்தப் பட்டியலின் மைய எல்லைக்குள் வருகிறது. கம்போங் செட்டி அதற்கு வெளியே. கிராமத்தை மரபுக் கிராமமாக மாநிலம் ஏற்றுக்கொண்டும், 2010களில் அதன் ஓரத்தில் உயர்மாடிக் கட்டடத் திட்டம் கிளம்பியபோது குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு தள வீடுகள் நிறைந்த இடத்துக்கு அருகில் எழும் கோபுரக் கட்டடம் எந்தச் சுவரையும் இடிக்காமலேயே வெளிச்சத்தை மறைக்கும், வடிகாலை மாற்றும், நிலவரியையும் விலையையும் ஏற்றும். வீட்டை மட்டும் காத்துச் சுற்றுப்புறத்தைக் கைவிடும் பாதுகாப்பு அரைகுறைப் பாதுகாப்பு.

நகரத்துக்குள் வேறொரு இழப்பு நேர்ந்தது. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 1999 முடிவோடு அதன் கடைசிக் காவலும் போயிற்று. பழைய குடும்பங்களும் கைவினைஞர்களும் வெளியேற, முகப்பு நின்றது, உள்ளிருந்த வாழ்க்கை மாறியது.

சுவரைக் காப்பதிலும் நுட்பம் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் செங்கலுக்குள் சிறைப்படும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்துப் பளிங்குபோல் தேய்த்த கொத்தர்களின் அறிவும் இதே வகையைச் சேர்ந்ததுதான். மலாக்காவில் அந்த முறையை நேரில் காண வேண்டுமானால் முன்னாள் ஹீரன் தெருவின் 8ஆம் எண் வீட்டுக்குப் போகலாம். 18ஆம் நூற்றாண்டுக் கடைவீடான அதை மலேசிய மரபு அறக்கட்டளையான படான் வாரிசான் சீரமைத்தது. செங் ஹூன் தெங் கோயிலின் சீரமைப்பும் 2002இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது.

இந்துக் கோயிலுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் செய்வது மரபு. புது வண்ணம் பூசுவதும், சிதைந்த சுதையை மாற்றுவதும் பக்தர்களுக்குக் கடமை. பழையதை அப்படியே வைத்திருப்பது சட்டத்தின் நோக்கம். இரண்டும் நியாயமானவை. ஆகவே சுதை வேலை தெரிந்த சிற்பிகளும் மரபுத் துறை அதிகாரிகளும் பணி தொடங்கும் முன்பே ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

மலாக்காவின் தோட்டங்களுக்கு இந்த அளவு கவனம்கூடக் கிட்டவில்லை. தான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு, மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். துரை பங்களா மேட்டில். தொழிலாளர் லயங்கள் வரிசையாகக் கீழே. தகரக் கூரையோடு மாரியம்மனும் முனீஸ்வரரும் ஓரத்தில். அந்தக் கோயில்களைத் தொழிலாளர்கள் கட்டினார்கள், நிலம் கம்பெனியுடையது. தோட்டம் கைமாறி வீட்டுமனை ஆனபோது பட்டா இல்லாத கோயில் இடம்பெயர வேண்டியதாயிற்று. தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்ததுபோல ஒரு துண்டு நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.