வேப்ப மரத்தில் மோதிய வானத்துக் கல்! 170 ஆண்டுக்கு பிறகு கிடைத்த அபூர்வம்

குஜராத் மாநிலத்தில் தியோதர் அருகே ரந்தீலா, ரவேல் கிராமங்கள் உள்ளன. 2022 ஆகஸ்டு 17-ந்தேதி இங்கு ஜெட் விமானம் பறப்பது போல பயங்கர சத்தம் கேட்டது. என்னமோ ஏதோ என்று மக்கள் பதறிப்போனார்கள்.

ரந்தீலாவில் வானத்தில் இருந்து வந்த கல், வேப்ப மரத்தில் மோதி சுக்குநூறானது. ரவேலில் ஒரு வீட்டு வராந்தாவில் விழுந்த கல், தரை டைல்சை உடைத்தது.

கிராம மக்கள் எடுத்து வைத்த துண்டுகளை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகள் சோதித்தனர். அது அபூர்வமான 'ஆப்ரைட்' வகை என்று தெரிந்தது.

சாதாரண விண்கல்லை வெட்டிப் பார்த்தால் உள்ளே குட்டிக்குட்டி உருண்டைகள் தெரியும். ஆப்ரைட்டில் அது இருக்காது. குழைஞ்ச சோற்றில் பருக்கை தெரியாத மாதிரிதான். தாய்க்கோள் ஒருகாலத்தில் உருகி இறுகியதே காரணம். ஆக்சிஜன் மிகக் குறைவான இடத்தில் உருவானதால், இதன் முக்கிய கனிமத்தில் இரும்பு கிட்டத்தட்ட கிடையாது.

இந்தியாவில் இதற்கு முன்பு 1852-ல் உத்தரப்பிரதேசம் பஸ்தியில்தான் இந்த வகை கல் விழுந்தது. 'ஓல்டுஹாமைட்' என்ற கனிமம் முதன்முதலில் அதில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீர் பட்டால் அந்த கனிமம் கெட்டுப்போகும்.

தியோதரில் கல் விழுந்ததோ மழைக்காலம். மக்கள் உடனே எடுத்து வைக்காவிட்டால் பாதி ரகசியம் மழையில் கரைந்திருக்கும்.

நம்ம ஊரில் இப்படி விழுந்தால்? கழுவாதீங்க, உடைக்காதீங்க. ஈரம் படாமல் சுத்தமான உறையில் போட்டு அதிகாரிகளிடம் ஒப்படையுங்க.