கிராணியின் பேரேடும் இணையத்தின் பெயரேடும்



பைத்தான் நிரல்மொழியில் 'சாக்கெட்' என்றொரு தொகுதி உண்டு. அதிலுள்ள 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்னும் செயற்கூற்றிடம் ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால், புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களாக அதன் முகவரியைத் தரும். நிரலில் அது ஒரே வரிதான். அதன் பின்னே ஐம்பதாண்டு வரலாறு இருக்கிறது.

கெடா தோட்டங்களில் வளர்ந்தோர் அவ்வரலாற்றை எளிதில் உணர்வர். அன்று கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கே வந்து சேரும். எந்தப் பெயருக்கு எந்த லயம், எந்த வீடு என்பதைக் கிராணி அறிவார். 1970களில் ஆர்ப்பாநெட் வலையமைப்பும் இவ்வாறே இயங்கியது. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்தில், எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழு எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பட்டியலைப் பேணியது. கணினிகள் பெருகவே அது தாங்கவில்லை.

1983இல் பால் மோக்கபெட்ரிஸ் களப்பெயர் முறையை வகுத்தார். பீடோங்கிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்திற்கு ஒரு கடிதம் வருவதாகக் கொள்வோம். (பிரிவு எண்ணையும் பெயரில் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அங்கு உண்டு.) வெளிநாட்டு அஞ்சலகத்திற்கு 'மலேசியா' என்ற கடைசி வரி போதும். பிறகு கெடா, பீடோங், தோட்டம், இறுதியில்தான் பிரிவு. களப்பெயரும் இப்படியே வலமிருந்து இடமாகப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு மட்டமும், "அடுத்து இன்னாரைக் கேள்" என்று கைகாட்டும். நம் நாட்டுக்குரிய 'எம்.ஒய்.' என்னும் ஈறு 1987இல் பதிவானது. வியப்பு என்னவெனில், அதே செயற்கூறு தொடக்கத்தில் யூனிக்ஸ் கணினிகளில் பட்டியல் கோப்பைத்தான் படித்தது. பின்னர் களப்பெயர் முறையை நாடியது. நிரலர் எழுதும் வரி மாறவேயில்லை.

ஆனால் அப்பெயர்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சிறுகோடும் மட்டுமே இடம்பெற்றன. 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் பன்மொழிப் பெயர்களுக்கு வழிதேடினர். 2003இல் வெளியான 'பியூனிகோட்' நெறி, தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றுகிறது. மேற்சொன்ன தொகுதி அம்மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும்.

2010இல் '.இலங்கை'யும் 2011இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவையும் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் இடம்பெற்றன. மலேசியாவுக்குச் சாவி எழுத்தில் ஓர் ஈறு உண்டு, தமிழில் இல்லை. சோழர் கல்வெட்டுகள் ஆயிரமாண்டுக்கு முன்பே 'கடாரம்' என்றழைத்த மண் இது. இன்றும் நம் பள்ளிக் கணினியில் '.மலேசியா' என்று தமிழில் முடியும் எப்பெயரைக் கொடுத்தாலும், அப்படியொரு பெயர் இல்லையென்ற பிழைச்செய்தியே வருகிறது.